என் அம்மாவுக்குக் கடைசிப் பெயர் கிடையாது: விமான நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு விமான நிலையங்களிலிருந்து வெளிநாடுகளுக்கு விமானம் இயக்கும் நிறுவனங்களின் நிர்வாகத்தினருக்கு,

என் அம்மாவுக்கு 74 வயது. பெயர் ஒரே சொல். அதைப் பொதுவில் எழுத அவர் சம்மதிக்கவில்லை. மீனாட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பாஸ்போர்ட்டில் கிவன் நேம் என்ற இடத்தில் மீனாட்சி என்று இருக்கிறது. சர்நேம் என்ற இடம் காலியாக இருக்கிறது. அந்தக் காலி இடத்துக்காக நான் கட்டிய தொகை 47,300 ரூபாய். என் தங்கை மகளின் கழுத்தில் தாலி ஏறியபோது தாய்மாமன் நானும் பாட்டி அவரும் கோலாலம்பூர் விமான நிலையத்தின் குடிநுழைவு வரிசையில் நின்றிருந்தோம்.

உங்களில் எந்த நிறுவனம் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் மற்றவர்கள் எல்லாரும் 'அப்பாடா, நாங்கள் இல்லை' என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். நான் திறந்து பார்த்த வரையில் உங்களில் பலருடைய படிவத்திலும் கடைசிப் பெயர் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் அதே சிவப்பு நட்சத்திரம் இருக்கிறது. ஆகவே மடல் எல்லாருக்கும்தான்.

நான் வட்டாட்சியர் அலுவலகத்தில் 28 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். பெயர் எழுதுவதுதான் எனக்குத் தொழிலாக இருந்தது. பட்டாவில், வாரிசுச் சான்றில், முதியோர் ஓய்வூதிய மனுவில் எத்தனை ஆயிரம் பெயர்கள் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. நானே பலரை அதற்காக அலைய விட்டிருக்கிறேன். அந்தப் பாவமும் இதில் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். ஆனால் எங்கள் மனுவில் பெயருக்குக் கீழே 'த/பெ' அல்லது 'க/பெ' என்று ஒரு கோடு இருக்கும். தகப்பனார் பெயர், கணவர் பெயர். ஆள் யார், யாருடைய பிள்ளை, யாருடைய மனைவி என்று பிரித்துக் கேட்டுக்கொள்வோம். ஒருவருடைய பெயரையே இரண்டாக உடைத்துக் கொண்டுவா என்று எந்தக் கிராம நிர்வாக அலுவலரும் கேட்டதில்லை.

டிக்கெட் எடுத்த கதையிலிருந்து தொடங்குகிறேன். திருமணம் ஞாயிற்றுக்கிழமை, கிள்ளானில். என் தங்கை மலேசியத் தமிழரை மணந்து அங்கே போய் 26 ஆண்டுகள் ஆகின்றன. அவளுடைய ஒரே மகள்தான் மணப்பெண். இரண்டு மாதத்துக்கு முன்பே, மகன் சென்னையிலிருந்து போனில் வழி சொல்ல, டிக்கெட் விற்கும் ஓர் இணையதளத்தில் நானே பதிவு செய்தேன். போவதற்கு ஒரு நிறுவனம், திரும்பி வருவதற்கு வேறொரு நிறுவனம். அப்படி எடுத்தால் விலை குறைவு என்று அந்த இணையதளமே சேர்த்துக் காட்டியது. என் பெயரில் சிக்கல் இல்லை. என் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் சர்நேம் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அம்மாவின் முறை வந்தபோது முதல் பெயரில் மீனாட்சி என்று போட்டேன். கடைசிப் பெயரைக் காலியாக விட்டேன். கட்டம் சிவந்துவிட்டது. மேலே நகரவில்லை.

பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருந்தது. அதைத் தொட்டால் ஒரு வரி வந்தது: கடைசிப் பெயர் இல்லாதவர்கள் முதல் பெயரையே மீண்டும் எழுதவும். எழுதினேன். மீனாட்சி மீனாட்சி. பணம் போய்விட்டது, டிக்கெட் வந்துவிட்டது. அந்த ஒற்றை வரியை அப்போதே படம் பிடித்து வைக்கத் தோன்றவில்லை என்பதுதான் நான் கற்ற முதல் பாடம். திரும்பி வந்து பார்த்தபோது அந்த வரியின் வாசகம் மாறியிருந்தது.

வெள்ளிக்கிழமை இரவு. விமானம் நள்ளிரவு தாண்டி 12.40க்கு. தஞ்சாவூரிலிருந்து காரில் கிளம்பி ஒன்பதரைக்கெல்லாம் திருச்சி விமான நிலையத்தில் இருந்தோம். 2024இல் திறந்த புது முனையம், சுவரெல்லாம் வண்ணம். அம்மா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் ஒரு மஞ்சள் பையை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். பைக்குள் பேத்திக்கு எடுத்த திருபுவனம் பட்டு. பெட்டியில் வைத்தால் காணாமல் போய்விடும் என்று கையிலேயே வைத்திருந்தார். பத்து மணி பத்து நிமிடத்துக்குக் கவுண்டருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு 25 வயது இருக்கலாம். அம்மாவைப் பார்த்ததும் "பாட்டி, கல்யாணத்துக்கா?" என்று கேட்டார். பாஸ்போர்ட்டை இயந்திரத்தில் இழுத்தார். திரையைப் பார்த்தார். மறுபடி இழுத்தார். சிரிப்பு போய்விட்டது.

"சார், டிக்கெட்டில் பெயர் இரண்டு தடவை இருக்கிறது. பாஸ்போர்ட்டில் ஒரு தடவைதான் இருக்கிறது."

"ஒரு பெயர்தானம்மா அவருக்கு. உங்கள் படிவம் காலியாக விட ஒப்பவில்லை."

"எங்கள் படிவம் இல்லை சார், ஏஜெண்டுடையது. அவர்களே மாற்றித் தர வேண்டும். நாங்கள் இங்கே தொட முடியாது."

அதன் பிறகு ஒரு மணி நேரம் நடந்ததை நீங்கள் ஒரு தடவையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இணையதளத்தின் உதவி எண்ணுக்கு அழைத்தேன். என் அழைப்பு அவர்களுக்கு மிக முக்கியமானது என்று இருபத்திரண்டு நிமிடம் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டுத் துண்டித்துவிட்டது. மூன்றாவது முறை ஆள் கிடைத்தார். "விமான நிறுவனம் அனுமதி தந்தால் உடனே மாற்றித் தருகிறோம்" என்றார். கவுண்டர் பெண், "ஏஜெண்ட் மாற்றி அனுப்பினால் உடனே ஏற்றுக்கொள்கிறோம்" என்றார். ஒருவர் என் காதில், ஒருவர் என் எதிரில். நடுவில் ஒரு கை நீளம்தான் தூரம். போனை அந்தப் பெண்ணிடம் நீட்டினேன், நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று. பயணியின் போனில் ஏஜெண்டோடு பேச அவருக்கு அனுமதி இல்லையாம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டுவிட்டார். அந்தப் பெண்மீது எனக்குக் கோபம் இல்லை. என் தட்டச்சர் ஒருவர் இப்படித்தான் மேலதிகாரிக்குப் பயந்து கையைக் கட்டிக்கொள்வார்.

அம்மா என்னைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்: "நாலெழுத்துப் பெயரை இரண்டு தடவை எழுதிவிட்டால் நான் இரண்டு ஆளாகிவிடுவேனா?"

மேற்பார்வையாளர் 11.25க்கு வந்தார். டிக்கெட்டைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்க்கவில்லை. புது டிக்கெட் எடுத்தால்தான் உண்டு என்றார். இந்த விமானத்துக்கு என்றேன். விற்பனை மூடியாகிவிட்டது, நாளை இரவு விமானத்துக்கு இடம் இருக்கிறது என்றார். 11.40க்குக் கவுண்டரை மூடினார்கள். என் ஒருவனுக்கு மட்டும் போர்டிங் பாஸ் தருகிறோம் என்று கடைசியில் ஒரு சலுகை வந்தது. "நீ போய் மாமன் முறையைச் செய், நான் வீட்டுக்குப் போய்க்கொள்கிறேன்" என்றார் அம்மா. நள்ளிரவில், சக்கர நாற்காலியில், தஞ்சாவூருக்கு.

இரண்டு பேருக்கும் புது டிக்கெட் எடுத்தேன். ஆளுக்கு 21,450 ரூபாய். இரண்டு மாதத்துக்கு முன் எடுத்தது ஆளுக்கு 9,800. வீட்டுக்குத் திரும்பவும் மறுநாள் மீண்டும் வரவும் காருக்கு 4,400. மொத்தம் 47,300.

உங்கள் விற்பனை மேசையில் உங்கள் ஊழியரே தட்டெழுதிக் கொடுத்த அந்தப் புது டிக்கெட்டை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் கடைசிப் பெயர் மீனாட்சி. முதல் பெயர் மிஸஸ்.

'பாஸ்போர்ட்டில் மிஸஸ் எங்கே இருக்கிறது?' என்று கேட்டேன். காலியாக விட்டால் சிஸ்டம் ஏற்காது சார் என்றார். இதைத்தானே நான் ஒரு மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்! நான் தவறாக நிரப்பிய கட்டத்தை, 21,450 ரூபாய் வாங்கிக்கொண்டு நீங்கள் வேறொரு விதமாகத் தவறாக நிரப்பித் தந்திருக்கிறீர்கள். மறுநாள் இரவு அதே கவுண்டரில் மிஸஸ் மீனாட்சியை யாரும் நிறுத்தவில்லை.

ஞாயிறு காலை ஏழேகாலுக்கு இறங்கினோம். முகூர்த்தம் ஏழரை முதல் ஒன்பது. குடிநுழைவில் வரிசை. கிள்ளான் மண்டபத்துக்குள் நுழைந்தபோது மணி 9.40, பந்தி தொடங்கியிருந்தது. முதல் நாள் நலங்கில் என் இடத்தில் என் பெரியப்பா மகன் நின்றார். அவரும் மாமன் முறைதான், குறை ஒன்றுமில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். அதைப் பற்றி மேலே எழுத எனக்கு விருப்பமில்லை.

ஒரு வாரம் கழித்துத் திரும்பும் பயணம். அதே இணையதளம், அதே பதிவு, அதே மீனாட்சி மீனாட்சி. முதல் நாள் இரவு முழுவதும் எனக்குத் தூக்கம் இல்லை. கோலாலம்பூர் கவுண்டரில் இருந்தவர் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "சிங்கிள் நேம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரண்டு வரி ஏதோ தட்டினார். போர்டிங் பாஸ் வந்தது. என் கைக்கடிகாரப்படி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர், எண்ணும் பிறந்த தேதியும் சரி என்று குறிப்பு எழுதியதாகச் சொன்னார். அந்த நிறுவனமும் திருச்சிக்குப் பறக்கும் நிறுவனம்தான்.

அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. அதுவரை தவறு என்னுடையது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பியதும் விதிகளைப் படித்தேன். பழக்கதோஷம். பாஸ்போர்ட் எப்படி இருக்க வேண்டும் என்று உலகத்துக்கே சொல்லும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது: மாண்ட்ரியலில் உள்ள சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் ஆவணம் 9303. பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு ஓடும் இரண்டு வரிகள், வரிக்கு 44 இடம், எல்லாம் அதில் சொல்லியபடிதான். பெயரை இரண்டாகப் பிரிக்க முடியாதவருக்கு முழுப் பெயரையும் முதன்மை அடையாளமாக வைத்து மிச்சத்தை அம்புக்குறியால் நிரப்பலாம் என்று அதிலேயே இருக்கிறது. அதாவது, உலகத்தில் ஒற்றைப் பெயர்க்காரர்கள் இருக்கிறார்கள் என்பது உங்கள் துறைக்குத் தெரியாத செய்தி இல்லை. அம்மாவின் பாஸ்போர்ட்டை உங்கள் இயந்திரம் மறுக்கவும் இல்லை. மறுத்தது டிக்கெட் படிவம் மட்டும்தான். டிக்கெட்டில் சாய்கோட்டுக்கு முன் ஒரு பெயர், பின் ஒரு பெயர், எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில் என்பது 1960களில் அமெரிக்காவில் முன்பதிவைக் கணினிக்குக் கொண்டுபோன காலத்துப் பழக்கம். அந்தக் கணினிகள் இருந்த கட்டடங்களே இன்று இருக்குமோ என்னவோ. கட்டம் மட்டும் இருக்கிறது.

மலேசியாவுக்குள் நுழைய இணையத்தில் ஒரு வருகை அட்டை நிரப்ப வேண்டும். 2024 முதல் கட்டாயம். பயணத் தேதி மாறியதால் அந்தச் சனிக்கிழமை அதை இரண்டாம் முறை நிரப்பினேன். அதில் பெயருக்கு ஒரே கட்டம். மீனாட்சி என்று போட்டேன், ஏற்றுக்கொண்டது. கட்டணம் கிடையாது. சிங்கப்பூரின் வருகை அட்டையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பெயரை ஒரே கட்டத்தில்தான் கேட்கிறது. எல்லையைக் காக்கிற அரசுகளுக்கு ஒரு பெயர் போதும். அவர்களிடம் ஆளைக் கொண்டுபோய் இறக்கிவிடுகிற உங்களுக்கு இரண்டு வேண்டும்.

உங்கள் பயமும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆவணம் சரியில்லாத பயணியை ஏற்றிச் சென்றால் அபராதம் உங்கள் தலையில் விழும். இந்தியாவில் 2000ஆம் ஆண்டிலேயே அப்படி ஒரு சட்டம் வந்தது, அப்போது பயணி ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய். பிரிட்டனில் ஆளுக்கு 2,000 பவுண்டு. பறக்கும் முன்பே பயணிகளின் விவரத்தை அந்த நாட்டுக்கு அனுப்பவும் வேண்டும். கவுண்டர் பெண்ணின் கைகளைக் கட்டியது இந்தக் கயிறுதான். ஆனால் அந்த அபராதம் பாஸ்போர்ட்டும் விசாவும் சரியில்லாதவருக்கு. அம்மாவின் பாஸ்போர்ட்டில் தவறில்லை. மலேசியாவுக்கு இந்தியர்கள் விசா இல்லாமல் போகலாம் என்று 2023 டிசம்பரிலிருந்தே இருக்கிறது. உங்கள் டிக்கெட்டில் பெயர் இரண்டு தடவை இருந்ததற்காக எந்த நாடு உங்களிடம் ஒரு லட்சம் கேட்டது?

ஒற்றைப் பெயரையே தடுத்த அரசு ஒன்று உண்டு, மறைக்கவில்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல் மட்டும் உள்ளவர்களை வருகை விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. எங்கள் பக்கத்து ஊர்களில் பலர் பதறிப்போனார்கள். சில நாள்களிலேயே, பாஸ்போர்ட்டின் உள்பக்கத்தில் தகப்பனார் பெயர் இருந்தால் போதும் என்று திருத்தம் வந்தது. எங்கள் வட்டாட்சியர் அலுவலகத்தின் த/பெ போலத்தான். ஓர் அரசாங்கமே ஒரு வாரத்துக்குள் வழி கண்டது.

என் தங்கை வீட்டுக்காரரின் பாஸ்போர்ட்டில் அவர் பெயருக்கும் அவர் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ, ஒரு சாய்கோடு, எல் என்று இருக்கிறது. அனாக் லெலாகி, அதாவது ஆண் பிள்ளை. மகளென்றால் எல்லுக்குப் பதில் பி. மலேசியத் தமிழர்களின் த/பெ அது. டிக்கெட் படிவம் சாய்கோட்டை ஏற்காதாம். அவர் அதை விட்டுவிட்டு எழுதுகிறார், ஒவ்வொரு தடவையும் கவுண்டரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாராம். ஜாவாவில் ஒற்றைப் பெயர் இன்றும் சாதாரணம். ஜகார்த்தா விமான நிலையத்தின் பெயரில் பாதி, இந்தோனேசியாவின் முதல் அதிபர் சுகர்ணோ. அவருக்கும் ஒரே பெயர்தான். உங்களில் சிலர் தினமும் அங்கே விமானத்தை இறக்குகிறீர்கள். அவர் உயிரோடிருந்து உங்கள் இணையதளத்தில் டிக்கெட் எடுக்க வந்தால், சுகர்ணோ சுகர்ணோ என்று போடச் சொல்வீர்களா, மிஸ்டர் சுகர்ணோ என்றா?

எங்கள் ஊரில் பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லாமல் இருப்பதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெயரோடு சாதிப் பட்டம் ஒட்டிக்கொள்வதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். என் தாத்தா காலத்துப் பத்திரங்களில் பெயருக்குப் பின்னால் இருந்த பட்டம், என் அப்பா காலத்தில் இல்லை. நாங்கள் வேண்டுமென்றே காலியாக விட்ட இடம் அது. அங்கே எதையாவது போடு என்று ஒரு சிவப்பு நட்சத்திரம் என்னை மிரட்டும்போது, பழையபடி அதையே போட்டுவிடலாமா என்று யாருக்காவது தோன்றினால் அதற்கு நீங்களும் பொறுப்பு.

இனி, நான் எழுதிய புகாருக்கு வந்த பதில். ஆறு வாரம் கழித்து வந்தது. பெயரைச் சரியாகக் கொடுப்பது பயணியின் பொறுப்பு என்றும், நாங்கள் பயணத்துக்கு வராததாகப் பதிவாகியிருப்பதால் பணம் திரும்பாது என்றும் இருந்தது. வராதவர்களா? கவுண்டரில் ஒன்றரை மணி நேரம் நின்றவர்கள்! பயன்படுத்தாத டிக்கெட்டில் உள்ள வரியையும் விமான நிலையக் கட்டணத்தையும், பயணி வராமல் போனாலும்கூட, திருப்பித் தர வேண்டும் என்று சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதி இருக்கிறது. அதைக் காட்டி மறுபடி எழுதிய பிறகுதான் இணையதளம் தன் சேவைக் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு 640 ரூபாய் அனுப்பியது. கேட்டிருக்காவிட்டால் அதுவும் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2019இல் வெளியிட்ட பயணிகள் சாசனத்தில் பெயர்த் திருத்தம் இலவசம் என்று இருக்கிறது. ஆனால் உங்கள் இணையதளத்திலேயே நேரடியாக வாங்கியிருக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் தவறைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னபடி எழுதியவனுக்கு அது தவறென்று 24 மணி நேரத்துக்குள் எப்படித் தெரியும்? கவுண்டருக்கு வந்தபோதுதானே தெரிந்தது.

அந்தப் பதில் மடலின் முதல் வரியைச் சொல்லாமல் விட முடியவில்லை. 'அன்புள்ள மிஸ்டர்' என்று தொடங்கி என் அப்பாவின் பெயர் இருந்தது. கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் அவர்தானே இருக்கிறார். உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று அவருக்குத்தான் எழுதியிருந்தீர்கள். அவர் இறந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. விஸ்வநாதன் ஆனந்தை உலகம் முழுவதும் 'விஷி' என்று அவருடைய அப்பாவின் பெயரைச் சுருக்கித்தான் கூப்பிடுகிறது. அவர் பெரிய மனிதர், சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை.

இப்போது நான் கேட்பது.

உங்கள் படிவத்தில் 'பாஸ்போர்ட்டில் சர்நேம் இல்லை' என்று ஒரு கட்டம் வையுங்கள். அதைத் தொட்டால் சிவப்பு நட்சத்திரம் போய்விட வேண்டும். உங்கள் பழைய கணினிக்கு உள்ளே ஏதாவது ஒன்று வேண்டுமானால், எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்றோ மிஸஸ் என்றோ, அதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அது உங்களுக்கும் கணினிக்கும் நடுவில் உள்ள விவகாரம். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரருக்கு எஃப்.என்.யு. என்று அந்த அரசே போட்டுக்கொள்கிறது; விண்ணப்பித்தவரைக் குற்றவாளியாக்கவில்லை.

அதுவரை, ஒற்றைப் பெயரை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு ஒரே விதியை எழுத்தில் வெளியிடுங்கள். டிக்கெட் வாங்கும் பக்கத்திலேயே, தமிழிலும். ஒரு நிறுவனம் இரண்டு தடவை எழுது என்கிறது, ஒன்று மிஸஸ் போடு என்கிறது, ஒன்று புள்ளி வை என்கிறது. உங்களுக்குள் பேசி ஒன்றாக்க முடியாவிட்டால், அவரவர் விதியையாவது அவரவர் வாசலில் ஒட்டுங்கள். உங்கள் டிக்கெட்டை விற்கும் இணையதளங்கள் அந்த விதியையே காட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அவர்கள் சொன்னபடி எழுதியதால் ஒருவர் நின்றுபோனால், புது டிக்கெட்டின் விலை வித்தியாசத்தை நீங்களும் அவர்களும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள், அந்தப் பயணியிடம் போகாதீர்கள்.

பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, முகம் மூன்றும் பொருந்தும்போது, பெயர் ஒரு தடவை கூடியதற்கோ முன்பின் மாறியதற்கோ குறிப்பு எழுதி ஏற்றும் அதிகாரத்தைக் கவுண்டரில் இருப்பவருக்கே கொடுங்கள். கோலாலம்பூரில் ஒரு நிமிடத்தில் நடந்தது அதுதான். திருச்சியிலும் மதுரையிலும் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் இரவு விமானங்களுக்கு அப்படி முடிவெடுக்கக்கூடிய ஒருவர் கவுண்டர் திறக்கும்போதே இருக்க வேண்டும், மூடுவதற்குக் கால் மணி நேரத்துக்கு முன்பு வரக்கூடாது. கவுண்டருக்கு வந்து நின்றவரை 'வரவில்லை' என்று பதியாதீர்கள். போக்கும் வரத்தும் ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் அந்த ஒரு சொல்லால் எங்கள் திரும்பும் பயணமும் ரத்தாகியிருக்கும் என்று பிறகு சொன்னார்கள்.

என் பணத்தைப் பொறுத்தவரை, இரண்டு டிக்கெட்டுக்கும் பழைய விலைக்கும் புது விலைக்கும் உள்ள வித்தியாசம் 23,300 ரூபாய். அதைக் கேட்கிறேன். காருக்கான பணத்தைக் கேட்கவில்லை. நலங்குக்கு விலை போடவும் எனக்குத் தெரியாது. மிஸஸ் என்ற முதல் பெயரோடு நீங்கள் கொடுத்த டிக்கெட்டின் நகல், உதவி எண்ணுக்குப் பேசிய நேரங்கள், கோலாலம்பூரில் கிடைத்த போர்டிங் பாஸ் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. உங்களில் அது யார் என்று உங்களுக்குத் தெரியும். 30 நாள்களுக்குள் பதில் வேண்டும். வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். மனு எழுதுவது எனக்குப் பழக்கம்தான்.

பதில் எழுதும்போது தயவுசெய்து என் பெயரில் எழுதுங்கள். அப்பாவின் பெயரில் வேண்டாம்.

இப்படிக்கு,
மீனாட்சி மகன்,
தஞ்சாவூர்